நீச்சல் ஆசிரியர் மாறும்போது குழந்தையை எப்படிப் பழக்குவது? 3 முதல் 7 வயதுவரை ஒரு முழுமையான வழிகாட்டி

கோடை முகாம் முடிந்து ஜூன் பிறந்தால் சென்னை நீச்சல் குளங்களில் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். ஏப்ரல், மே இரண்டு மாதமும் துள்ளிக் குதித்த குழந்தை, புதிய கோச்சைப் பார்த்ததும் அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நகர மறுக்கும். "நல்லாத்தானே நீந்திட்டிருந்தா, திடீர்னு தண்ணி பயம் வந்துடுச்சு" என்பார்கள் பெற்றோர்.

குழந்தைகள் பிரிவில் பல வருடங்களாகச் சொல்லிக்கொடுக்கிறேன். பாதியில் இன்னொருவரிடமிருந்து என்னிடம் வந்த குழந்தைகளும் உண்டு, நான் இன்னொருவரிடம் ஒப்படைத்த குழந்தைகளும் உண்டு. அவர்களில் உண்மையாகவே தண்ணீர் பயம் திரும்பியவர்கள் மிகக் குறைவு. தண்ணீருக்குள் அவர்கள் நம்பியிருந்தது ஒருவருடைய கையை, குரலை, அவர் எண்ணுகிற விதத்தை. அது திடீரென்று இல்லாமல் போனதுதான் பிரச்சினை. அந்த நம்பிக்கையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு எப்படி மாற்றுவது என்பதைத்தான் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள். முதல் நான்கு படிகளைத் தாண்டிக் குதித்து ஐந்தாவதில் தொடங்குகிறவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள்.

தொடங்கும் முன் தேவையானவை

முடிந்தால் இரண்டு வார அவகாசம். அது கிடைக்காவிட்டால், பழைய ஆசிரியரும் புதியவரும் சேர்ந்து இருக்கும் ஒரே ஒரு வகுப்பாவது கிடைக்குமா என்று கேளுங்கள்.

அதே நேரம், அதே கண்ணாடி, அதே தொப்பி, அதே நீச்சல் உடை. "புது மிஸ், புது காகிள்ஸ்!" என்று ஆசை காட்டிப் புதிது வாங்க வேண்டாம். பட்டை சற்று இறுகினாலும் எரிச்சல் வரும், அந்த எரிச்சல் புதிய ஆசிரியரின் கணக்கில் ஏறும். ஒரு சமயத்தில் ஒன்று மட்டும் மாறட்டும்.

குளமும் சேர்ந்து மாறுகிறது என்றால், புதிய குளத்தை மட்டும் பார்க்க ஒரு நாள் தனியாகப் போய்வாருங்கள். வேளச்சேரி மாதிரி 50 மீட்டர் குளம் உள்ள பெரிய வளாகத்தின் இரைச்சலுக்குப் பழகிய குழந்தைக்கு அடுக்குமாடிக் குடியிருப்பின் அமைதியான சின்னக் குளமும் விசித்திரமாகத்தான் இருக்கும். உடை மாற்றும் அறை, ஷவர், படிக்கட்டு மூன்றையும் காட்டினால் போதும். அன்று தண்ணீரில் இறங்க வேண்டியதில்லை.

மாற்றுவது உங்கள் கையில் இருந்தால் அக்டோபர் கடைசியைத் தவிருங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் வகுப்புகள் விட்டுவிட்டு நடக்கும், தண்ணீரும் குளிர்ந்துவிடும். புதியவருடன் இரண்டு வகுப்பு, பிறகு மூன்று வாரம் மழை என்றால் மறுபடி முதலிலிருந்துதான் வர வேண்டும்.

1. பழைய ஆசிரியரிடமிருந்து குறிப்பு வாங்குங்கள்

எல்லாரும் விட்டுவிடும் படி இது. "என்ன லெவல்ல இருக்கான்?" என்று மட்டும் கேட்பார்கள். அவரும் "கிக் நல்லா வருது, ஃப்ளோட் வருது" என்பார். புதிய ஆசிரியருக்கு அது போதாது. கேட்க வேண்டியவை வேறு: முக்குவதற்கு முன் எப்படி எண்ணுவீர்கள்? மல்லாந்து மிதக்கவைக்கும்போது எங்கே பிடிப்பீர்கள்? எந்த விளையாட்டில் வகுப்பைத் தொடங்குவீர்கள்? எதற்கு முரண்டு பிடிப்பான்?

எண்ணுவதை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. நாலரை வயதுப் பையன் ஒருவன் என்னிடம் வந்தான். ஐந்து விநாடி முகத்தை முக்கிவைத்திருப்பான் என்று அவன் அம்மா சொன்னார். நான் "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லி முடித்துவிட்டு முக்கினேன். இருமிக்கொண்டே எழுந்தான். இன்னொரு தடவை செய்தோம், மறுபடியும் இருமல். அடுத்த தடவை குளத்து ஓரக் கம்பியைப் பிடித்தவன் விடவே இல்லை. விரல் நுனிகள் வெளுத்துப்போகிற அளவுக்கு இறுக்கம். ஒரு வாரம் கழித்துத்தான் அவனுடைய பழைய ஆசிரியரிடம் போனில் பேசினேன். அவர் "மூணு" என்ற சொல்லோடு சேர்த்தே முக்குவாராம். பையன் "ரெண்டு"வில் மூச்சை இழுத்து "மூணு"வில் ஊத ஆரம்பித்திருக்கிறான். நான் அவனைத் தண்ணீரில் முக்கிய அந்த நொடியில் அவன் ஊதி முடித்து அடுத்த மூச்சை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறான். அரை விநாடி வித்தியாசத்தில் மூக்கில் தண்ணீர் ஏறிவிட்டது. ஒரு வாரமாக அவனைப் பயந்தவன் என்று நினைத்திருந்தேன். தவறு என்னுடையது.

சொற்களும் அப்படித்தான். ஒருவர் "நட்சத்திரம்" என்பதை இன்னொருவர் "ஸ்டார் ஃப்ளோட்" என்பார். ஒருவருக்கு "ராக்கெட்" என்பது சுவரை உதைத்துக் கிளம்புவது, இன்னொருவருக்குக் கைகளைத் தலைக்கு மேல் சேர்த்து வைப்பது மட்டும். "முதலை நடை" என்றால் சில இடங்களில் படியில் கையூன்றிக் காலடிப்பது, சில இடங்களில் ஆழமில்லாத தரையில் கையால் நடப்பது. தெரிந்த வேலையைத் தெரியாத பெயரில் கேட்டால் குழந்தை விழிக்கும். அதைப் பார்த்து "இவனுக்கு எதுவும் வராது" என்று முடிவுகட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பழைய ஆசிரியர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாரா? ஒரு வழி இருக்கிறது. குளிக்கும்போது ஒரு பிளாஸ்டிக் பொம்மையைக் கொடுத்து, "இதுக்கு நீச்சல் சொல்லிக்கொடு, சார் மாதிரி" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் கவனியுங்கள். எண்ணுகிற விதம், பிடிக்கிற இடம், "சூப்பர் கண்ணா" என்கிற குரல் எல்லாம் அப்படியே வரும். ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், போனில் பதிந்தாலும் சரி. ஐந்தாறு வரிகள் போதும்.

2. குழந்தையிடம் உண்மையைச் சொல்லுங்கள்

மூன்று, நான்கு வயதென்றால் இரண்டு மூன்று நாள் முன்பு சொன்னால் போதும். அதற்கு முன் சொன்னால் "நாளைக்கா? நாளைக்கா?" என்று தினமும் கேட்டுக் களைத்துவிடும். ஆறு, ஏழு வயதுக் குழந்தைக்கு ஒரு வாரமாவது முன்பே தெரிய வேண்டும். அவர்களுக்குக் கேட்க நிறைய கேள்விகள் இருக்கும்.

நம் வீடுகளில் வழக்கமாகச் சொல்லும் பொய் ஒன்று உண்டு: "சார் ஊருக்குப் போயிருக்கார், வந்துடுவார்." இதைச் சொல்லவே சொல்லாதீர்கள். குழந்தை காத்திருக்கும். சார் வரப்போகிறார் என்று நம்புகிற வரைக்கும் புதிய ஆசிரியரின் கையைப் பிடிக்க அதற்கு எந்தத் தேவையும் இருக்காது.

இப்படிச் சொல்லலாம்: "சார் இனிமே வேற இடத்துல சொல்லிக்கொடுக்கப் போறார். செவ்வாய்க்கிழமையிலேர்ந்து உனக்கு ஒரு மிஸ் வருவாங்க. நீ கத்துக்கிட்டது எல்லாம் உங்கிட்டயே இருக்கு." கடைசி வரி முக்கியம். சாரோடு நீச்சலும் போய்விடும் என்று நினைக்கிற குழந்தைகள் உண்டு. தான் சரியாகக் காலடிக்காததால்தான் சார் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று ஒரு ஐந்து வயதுப் பெண் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். அவள் அம்மாவுக்கு அது தெரியாது. கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்: "நீ எதுவும் தப்பு பண்ணல."

புதியவரை அளவுக்கு மீறிப் புகழ வேண்டாம். "சாரைவிட நல்ல மிஸ்" என்றால் பழையவர்மேல் வைத்திருக்கும் பாசத்துக்குக் குழந்தை வக்காலத்து வாங்கத் தொடங்கிவிடும். "சாப்பிடலன்னா புது மிஸ்கிட்ட சொல்லிடுவேன், தண்ணில முக்கிடுவாங்க" என்ற பேச்சும் வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது. தாத்தா பாட்டியிடமும் சொல்லி வையுங்கள்.

3. கடைசி வகுப்பில் விடைபெற வையுங்கள்

ஐந்து நிமிட வேலை. தனக்கு நன்றாக வருகிற ஒன்றைக் குழந்தை பழைய ஆசிரியருக்குச் செய்து காட்டட்டும், ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், டாட்டா சொல்லட்டும். அழுதால் அழட்டும். புதியவரும் அங்கே இருந்தால், பழைய ஆசிரியரே குழந்தையின் எதிரில் "இவனுக்கு மூணு சொல்லும்போதே முக்கணும்" என்று அவரிடம் சொல்வது ஆயிரம் அறிமுகத்துக்குச் சமம். தன் ரகசியம் இவருக்கும் தெரியும் என்று குழந்தைக்குப் புரிந்துவிடுகிறது.

4. முதல் சந்திப்பு கரையில் நடக்கட்டும்

தொப்பியும் கண்ணாடியும் போட்ட பெரியவர் சிறு குழந்தைக்கு முகமில்லாதவர் போலத் தெரிவார். ஆகவே முதலில் சாதாரண உடையில், தலைமுடி தெரிய, கரையில் சந்திக்கட்டும். பிறகு குழந்தையின் எதிரிலேயே தொப்பியைப் போட்டுக் காட்டட்டும், கழற்றட்டும். இரண்டு மூன்று தடவை செய்தால் சிரித்துவிடும்.

ஆசிரியர் முட்டி போட்டு உட்கார்ந்து பேச வேண்டும், ஆனால் உடனே கையைப் பிடிக்கக் கூடாது. குழந்தையிடம் வேலை கொடுப்பது நல்லது: "கிக் போர்டு எங்க வச்சிருக்காங்க, எனக்குக் காட்டறியா?" இடம் அதற்குத் தெரியும், மிஸ்ஸுக்குத் தெரியாது. அந்த ஒரு விஷயத்தில் குழந்தை பெரிய ஆளாகிவிடுகிறது.

முதல் படியில் எழுதிய தாளை இங்கேதான் கொடுக்க வேண்டும். "எனக்கு எல்லாம் தெரியும், பாத்துக்கறேன்" என்று சிலர் வாங்க மறுப்பார்கள். பணிவாக, ஆனால் விடாமல், எண்ணுவதையும் பிடிப்பதையும் மட்டுமாவது வாயால் சொல்லிவிடுங்கள்.

5. முதல் மூன்று வகுப்பில் எதுவும் புதிதாகக் கற்றுக்கொடுக்கக் கூடாது

இதைப் பெற்றோரும் ஆசிரியரும் முன்கூட்டியே பேசி ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் "காசு கட்டியிருக்கோம், ஒண்ணும் சொல்லித்தரலயே" என்ற பேச்சு இரண்டாம் நாளே வந்துவிடும். தன் திறமையைக் காட்ட ஆசிரியரும் அவசரப்படுவார். நடுவில் மாட்டிக்கொள்வது குழந்தை.

முதல் நாள் தண்ணீரில் இருபது, முப்பது நிமிடம் போதும். சிறிய உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். உதடு நீலம் பாரித்துப் பல் கிட்டிக்கத் தொடங்கிய பிறகு நடப்பது எதுவும் நல்ல நினைவாகத் தங்காது.

வரிசை இப்படி இருக்கட்டும். படியில் உட்கார்ந்து காலடிப்பது. ஆசிரியர் எதிரே நிற்கிறார், தொடுவதில்லை. அடுத்து, தண்ணீருக்கு மேலே வாயால் ஊதுவது, பிறகு வாய் மட்டும் தண்ணீருக்குள் வைத்துக் குமிழி விடுவது. குழந்தை தானே கையை நீட்டினால் கைபிடித்து நடப்பது. அக்குளில் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, முகத்துக்கு முகம் பார்த்தபடி சுற்றுவது அதற்குப் பிறகு. பார்க்க முடிகிற முகத்தைக் குழந்தை நம்பும் என்பதால்தான் முகம் பார்க்கிற பிடிகள் எல்லாம் முன்னால் வருகின்றன. மல்லாந்து மிதப்பதில் காது தண்ணீருக்குள் போய்விடும், குரல் மாறிக் கேட்கும், ஆசிரியரின் முகமும் தலைகீழாகத் தெரியும். பழையவரிடம் எவ்வளவு சுலபமாக மிதந்திருந்தாலும் அதை மூன்றாம் வகுப்புக்குத் தள்ளிப் போடுங்கள்.

1949இல் லண்டனில் ஜேம்ஸ் மெக்மில்லன் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய ஹாலிவிக் முறையில் பத்துப் படிகள் உண்டு. முதல் படியே மனம் தண்ணீருக்குப் பொருந்துவது. அதிலிருந்து கடைசிவரை ஆசிரியரின் கையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டே வருவது. கை மாறினால் அந்த விலகலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எல்லாக் குழந்தைகளுக்கும் இது பொருந்தும் என்பது என் அனுபவம்.

"நாங்க எல்லாம் கிணத்துல தள்ளிவிட்டுத்தான் கத்துக்கிட்டோம்" என்று சொல்லும் அப்பாக்கள், தாத்தாக்கள் உண்டு. அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இடுப்பில் கட்டிய கயிற்றை யார் பிடித்திருந்தார்கள்? முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிவிட்டது யார்? மாமாவோ சித்தப்பாவோ, தினமும் அதே ஆள். தள்ளிவிட்டது நினைவில் இருக்கிறது, கயிறு மறந்துவிட்டது. அறிமுகமே இல்லாத ஒருவர் கயிறும் இல்லாமல் தள்ளிவிடுவதைப் பழக்கம் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. பழைய ஆசிரியரிடம் ஐந்து மீட்டர் தனியாகப் போன குழந்தையாக இருந்தாலும், புதியவர் அதை நீந்தத் தெரியாத குழந்தையாகவே எண்ணிக் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். பதற்றத்தில் இருக்கும் குழந்தை தெரிந்த அசைவையும் மறந்துவிடும். சிறு குழந்தை மூழ்கும்போது பெரும்பாலும் சத்தமே வராது.

6. பெற்றோர் எங்கே இருக்க வேண்டும்?

முதல் வகுப்பில் படிக்கு அருகில். இரண்டாவதில் நான்கைந்து அடி தள்ளி. மூன்றாவதிலிருந்து வழக்கமான இருக்கையில். எங்கே உட்காரப்போகிறீர்கள் என்று முன்பே காட்டிவிட்டு, சொன்ன இடத்திலேயே இருங்கள். குழந்தை ஏமாந்த நேரம் பார்த்து நழுவி ஓடுவது பெரிய தவறு. ஒரு தடவை திரும்பிப் பார்த்து நீங்கள் அங்கே இல்லையென்றால், அதற்குப் பிறகு வகுப்பு முழுக்க உங்களைத் தேடுவதுதான் அதன் வேலை.

கரையிலிருந்து கட்டளை போடாதீர்கள். "காலை அடி! தலையை உள்ள விடு!" என்று நீங்கள் கத்தும்போது, இரண்டு குரல்களில் எதைக் கேட்பது என்று தெரியாமல் குழந்தை தண்ணீருக்குள் நின்றுவிடும். போனையும் பையில் வையுங்கள். குழந்தை உங்களைப் பார்க்கும் நொடியில் நீங்களும் பார்த்துத் தலையசைத்தால் போதும்.

7. அழுதால் என்ன செய்வது?

அழுகையைப் பிரித்துப் பாருங்கள். கரையில் அழுது, தண்ணீரில் இறங்கி ஐந்து நிமிடத்தில் அடங்குவது பிரிவின் அழுகை. வகுப்பைத் தொடரலாம். தண்ணீரில் ஒரு குறிப்பிட்ட செயலின்போது மட்டும் வருவது முறை மாறியதால் வருவது. முதல் படியின் தாளை எடுத்து எண்ணுவதும் பிடிப்பதும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தொடக்கம் முதல் முடிவுவரை ஓயாமல் விறைத்துப்போய் அழுதால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். ஆனால் அழுகையின் உச்சத்தில் தூக்கிக்கொண்டு கிளம்பாமல், படியில் உட்கார்ந்து காலால் இரண்டு தடவை தண்ணீரைத் தட்டிவிட்டு எழுந்து வாருங்கள். கடைசி நினைவு சின்னதாகவாவது நல்லதாக இருக்கட்டும்.

8. வீட்டில் புதிய எண்ணிக்கையைப் பழக்குங்கள்

மூன்று வகுப்பு முடிந்த பிறகு, புதிய ஆசிரியர் தன் முறைக்கு மாற்றிக்கொள்ள விரும்புவார். அதைக் குளத்தில் தொடங்காமல் குளியலறையில் தொடங்குங்கள். புதியவர் எண்ணுகிற மாதிரியே எண்ணி, மக்கில் தண்ணீர் எடுத்துப் பின்னந்தலையில் ஊற்றுங்கள், அடுத்த நாள் உச்சியில், பிறகு முகத்தில் வழிகிற மாதிரி. ஊற்றும்போது குழந்தை "ம்ம்ம்" என்று முனகட்டும். முனகும்போது மூக்கு வழியாகக் காற்று வெளியே வந்துகொண்டே இருப்பதால் தண்ணீர் ஏறாது.

முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள். சில அங்குலத் தண்ணீர் நிற்கும் வாளியே குழந்தைகளுக்கு ஆபத்து. தண்ணீரில் பழக்கம் கூடிய குழந்தை அதைத் தேடிப் போகும்.

9. பயமா, வேறு ஏதாவதா என்று கவனியுங்கள்

நீச்சல் சொல்லிக்கொடுக்கத் தொட்டுத்தான் ஆக வேண்டும். அதனால் எங்கே தொடலாம் என்பது முதல் நாளே குழந்தைக்கும் ஆசிரியருக்கும் தெளிவாக இருக்க வேண்டும்: கை, அக்குள், வயிற்றின் மேற்பகுதி, முதுகு, பின்னந்தலை. தொடும் முன் "இப்ப வயித்துல கை வைக்கிறேன்" என்று வாயால் சொல்லிவிட்டுத் தொடுவது நல்ல ஆசிரியரின் வழக்கம். உடை மாற்றிவிடுவது பெற்றோர் வேலை. பெற்றோர் பார்க்கவே கூடாது என்று விதி வைக்கும் இடத்தில் சேர்க்காதீர்கள்.

குழந்தை தண்ணீரில் சந்தோஷமாக இருந்து, அந்த ஒரு ஆளைக் கண்டால் மட்டும் ஒடுங்கினால், உடை மாற்றும் அறைக்கு வர மறுத்தால், தூக்கத்தில் அலறினால், "பழகிடும்" என்று தள்ளிப்போடாமல் வகுப்பை நிறுத்திவிட்டு மெதுவாகக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். நாள் முழுவதும் இயங்கும், கட்டணம் இல்லை. பெரும்பாலும் விஷயம் சத்தமாகப் பேசும் ஆசிரியர் என்பதோடு முடிந்துவிடும். ஆனாலும் கேட்டே ஆக வேண்டும்.

10. எப்போது முன்னே போகலாம்?

வாரம் இரண்டு மூன்று வகுப்பு வருகிற குழந்தைக்கு என் கணக்கு ஆறு வகுப்பு. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் ஒரு சறுக்கல் வரும். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது திடீரென்று "வரமாட்டேன்" என்று உட்கார்ந்துவிடும். சார் நிஜமாகவே வரப்போவதில்லை என்று அப்போதுதான் அதற்கு உறைக்கிறது. அந்த நாளில் குளத்துக்குப் போங்கள், படியில் மட்டும் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். போகாமலே விட்டால் அடுத்த முறை இன்னும் கடினம்.

ஆறு வகுப்பு தாண்டியும் கம்பியை விடவில்லை என்றால் ஆசிரியரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். எட்டுப் பேர் உள்ள பேட்சிலிருந்து மூன்று பேர் உள்ள பேட்சுக்கு மாற்றிக் கேளுங்கள். மறுபடி ஆளை மாற்றுவது கடைசி வழி. மாற்றினாலும் இதே பத்துப் படிதான்.

பழகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள நான் பெற்றோரிடம் சொல்வது, குளியலறையில் பொம்மைக்கு மறுபடி நீச்சல் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள் என்பதுதான். முதல் படியில் சொன்ன அந்த நாலரை வயதுப் பையனுடைய அம்மா ஒரு நாள் போன் செய்தார். பொம்மையைப் பிடித்துக்கொண்டு "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லி நிறுத்தி, ஒரு நொடி கழித்து முக்குகிறானாம். "மிஸ் இப்படித்தான் பண்ணுவாங்க" என்றானாம். அடுத்த வகுப்பில் அவனுக்குச் சுவரை உதைத்துக் கிளம்பச் சொல்லிக்கொடுத்தேன்.